அரபு நாடுகள்ல மிம்பரும் (பள்ளிவாசல் பிரசங்க மேடை) டிவியும் யார் கையில இருக்கு? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

தோஹால பதினோரு வருஷம் வேலை பாத்தவன் நான். 2006ல போனேன், 2017ல ஊருக்கு வந்துட்டேன். கூட வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேரு எகிப்துக்காரங்க, மத்தவங்க சூடான், சிரியா, துனிசியா. ஒரே சஹன்ல சாப்பிட்டு ஒரே டிவி முன்னாடி உக்காந்து நியூஸ் பாத்த பழக்கம், அதனால ஊர்ல யாராச்சும் "அங்க என்னதாங்க நடக்குது"ன்னு கேட்டா என்னால சும்மா இருக்க முடியாது. ஃபேமிலி குரூப்ல, பள்ளிவாசல் வாசல்ல, கல்யாண வீட்லன்னு திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

அரபு நாடுன்னா எல்லாம் ஒண்ணுதானே? மன்னரு, ஷரீஅத், பெட்ரோல்?

இல்லங்க. அரபு லீக்ல 22 நாடு இருக்கு. சவூதி, கத்தார், மொராக்கோ, ஜோர்டான்ல எல்லாம் அரச குடும்பம். எகிப்துல பட்டாளத்துல இருந்து வந்தவங்க ஜனாதிபதி. லெபனான்ல எந்த மதப்பிரிவுக்கு எத்தனை சீட்டுங்கிறதே கணக்கு. நான் கீழ அதிகமா எகிப்து பத்திதான் பேசுவேன், ஏன்னா அரபு மக்கள்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுலதான் இருக்காங்க, சுன்னி உலகம் மதிக்கிற அல் அஸ்ஹர்ங்கிற மார்க்கக் கல்வி அமைப்பும் அங்கதான், அரபு பத்திரிகையும் பெரிய அளவுல வளந்தது அங்கதான்.

ஜும்ஆல (வெள்ளிக்கிழமைத் தொழுகைல) இமாம் என்ன பேசணும்னு கவர்மென்ட்டா சொல்லும்?

ஆமா, இது நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும். நம்ம ஊர்ல ஜமாஅத் கூடி ஹஜ்ரத்த வைக்குது, சம்பளம் ஜமாஅத் கொடுக்குது, பிடிக்கலன்னா கமிட்டில சண்டை போட்டு மாத்துவாங்க. எகிப்துல ஒரு லட்சத்துக்கு மேல பள்ளிவாசல் இருக்கு, அதெல்லாம் அவ்காஃப், அதாவது மத அறநிலைய அமைச்சகத்துக்குக் கீழ, இமாம் ஒரு அரசு ஊழியர். இத நீங்க புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி.

2013, 2014 வாக்குல இத இன்னும் இறுக்கிட்டாங்க. லைசென்ஸ் இல்லாதவங்க மிம்பர்ல ஏறக்கூடாது, 80 சதுர மீட்டருக்குக் கீழ உள்ள சின்ன தொழுகை எடங்கள்ல ஜும்ஆ நடத்தக்கூடாதுன்னு சட்டமும் உத்தரவும் வந்துச்சு. 2016 ஜூலைல அதுக்கும் மேல போயி, குத்பாவையே, அதாவது ஜும்ஆ பிரசங்கத்தையே, அமைச்சகம் எழுதிக் கொடுக்கும், நாடு பூரா எல்லா இமாமும் அதப் பாத்து வாசிச்சா போதும்னு அறிவிச்சாங்க. அப்ப அமைச்சரா இருந்த முக்தார் கோமா தானே மிம்பர்ல ஏறி பேப்பரப் பாத்து வாசிச்சுக் காட்டினாரு.

இத எதுத்தது யாருன்னா எதிர்க்கட்சி இல்ல, அல் அஸ்ஹரோட மூத்த உலமா (மார்க்க அறிஞர்கள்) சபை. இப்படியே போனா கொஞ்ச காலத்துல இமாமுக்கு சிந்திக்கவும் வாதம் பண்ணவும் வராமப் போயிரும், நாளைக்கு ஒரு தீவிரவாதி வந்து கேள்வி கேட்டா பதில் சொல்ல தெரியாம நிப்பாருன்னு சொல்லி நிராகரிச்சாங்க. எனக்கு இந்த வாதம் ரொம்ப சரியா படுது. கடைசில பேப்பர் பாத்து வாசிக்கிற கட்டாயம் போச்சு, ஆனா தலைப்பு அமைச்சகம் கொடுக்கிறதுதான்.

எங்க கம்பெனில எலக்ட்ரீஷியனா இருந்த, எகிப்துல மன்சூராங்கிற ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லுவாரு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு போன் போட்டா அவங்க அம்மா குத்பா என்னன்னு சொல்றதே இல்லையாம், "எப்பவும் போலதான்"னு மட்டும் சொல்லிட்டு வேற பேச்சுக்கு போயிருவாங்களாம். மக்களுக்குத் தெரியும், யார் குரல் அதுன்னு.

அல் அஸ்ஹர் அல் அஸ்ஹர்ங்கிறீங்களே, அது யுனிவர்சிட்டியா, பள்ளிவாசலா, கட்சியா?

பள்ளிவாசலா ஆரம்பிச்சது, 10ஆம் நூற்றாண்டுல ஃபாத்திமி ஆட்சில கெய்ரோ நகரம் உருவானப்பவே கட்டினது. அப்புறம் மதரஸா, இப்ப யுனிவர்சிட்டி, நாடு முழுக்க பள்ளிக்கூடங்கள், வெளிநாட்டு மாணவர்கள், எல்லாம் சேந்த ஒரு பெரிய அமைப்பு. சுன்னி உலகத்துல அதோட ஷேக் பேச்சுக்கு தனி மரியாதை உண்டு, நம்ம மதரஸாக்கள்லயும் "அஸ்ஹரி"ன்னு பேருக்குப் பின்னாடி போட்டா தனி மதிப்புதானே.

முக்கியமான வருஷம் 1961. அப்ப எகிப்து ஜனாதிபதியா இருந்த நாசர் கொண்டு வந்த 103ஆம் நம்பர் சட்டம் அஸ்ஹர அரசாங்கத்துக்குக் கீழ கொண்டு வந்துச்சு. மருத்துவம், இன்ஜினியரிங்னு புது கோர்ஸ் வந்துச்சு, பொண்ணுங்களுக்கு கல்லூரி வந்துச்சு, அது நல்லதுதான், ஆனா ஷேக்க ஜனாதிபதி நியமிப்பாருன்னு ஆயிருச்சு, மூத்த உலமா சபையும் காலி. அதுக்கு முந்தின வருஷம்தான், 1960ல, பத்திரிகைகளையும் நாசர் அரசுடமை ஆக்கினாரு. அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துல மிம்பரும் அச்சாபீஸும் ஒரே ஆள் கைக்குப் போச்சு. எகிப்தோட பின்னாடி கதைல நிறைய இதுல இருந்துதான் வருது.

இப்ப இருக்கிற ஷேக் அஹ்மத் அல் தய்யிப், 2010 மார்ச்ல அப்போதைய ஜனாதிபதி முபாரக் நியமிச்சவரு. அப்ப அவரு ஆளுங்கட்சியோட கொள்கைக் குழுவுல உறுப்பினரா இருந்தவரு, அப்புறம்தான் அதுல இருந்து விலகினாரு. 2011ல மக்கள் புரட்சி பண்ணி முபாரக்க இறக்கினதுக்கு அப்புறம் நிலைமை மாறுச்சு. 2012 ஜனவரில சட்டத்த திருத்தி மூத்த உலமா சபைய திரும்ப கொண்டு வந்தாங்க, இனிமே அவங்கதான் ஷேக்க தேர்ந்தெடுப்பாங்க. 2014 அரசியல் சட்டம் 7ஆவது பிரிவு ஷேக்க யாரும் பதவில இருந்து தூக்க முடியாதுன்னு சொல்லுது. புரட்சில மக்களுக்கு கிடைச்சதுல நிலைச்சு நின்ன சில விஷயங்கள்ல இது ஒண்ணுன்னு நான் நினைக்கிறேன், ஆனா இதப் பத்தி யாரும் பேசுறதே இல்ல.

அரசாங்க மீடியா அவ்ளோ மோசமா? சும்மா எதிர்ப்பாளருங்க சொல்றதா?

மூணு சம்பவம் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல்ல 1967. நாசர் 1953ல ஆரம்பிச்ச "சவ்துல் அரப்" ரேடியோ, அதாவது அரபுகளின் குரல், மொராக்கோல இருந்து ஈராக் வரைக்கும் டீக்கடை டீக்கடையா கேட்டாங்க. அஹ்மத் சயீத்ங்கிறவரு அதோட பெரிய குரல். ஜூன் 5 காலைல இஸ்ரேல் விமானங்கள் வந்து எகிப்து விமானப்படைய தரையிலயே அழிச்சிட்டுப் போயிருச்சு, ஆனா ரேடியோல எதிரி விமானங்கள் அத்தனை விழுந்துச்சு இத்தனை விழுந்துச்சுன்னு கணக்கு வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க, மக்கள் தெருவுல கொண்டாடினாங்க. நாலு நாள் கழிச்சு ஜூன் 9ஆம் தேதி நாசர் டிவில வந்து ராஜினாமா பண்றேன்னு சொன்னப்பதான் தோத்தது எவ்ளோ பெருசுன்னு முழுசா புரிஞ்சுச்சு. அந்தத் தலைமுறை ஆளுங்ககிட்ட பேசிப் பாருங்க, தோத்தத விட பொய் சொன்னதுதான் அவங்களுக்கு ஆறாத புண்ணு. எங்க ஆபீஸ்ல இருந்த வயசான ஃபோர்மேன் ஒருத்தர் ரேடியோவ பத்தி பேச்சு வந்தாலே எந்திரிச்சு வெளிய போயிருவாரு.

ரெண்டாவது, 2010 செப்டம்பர். வெள்ளை மாளிகைல ஒபாமா, நெதன்யாகு, அப்பாஸ், ஜோர்டான் மன்னர், முபாரக் அஞ்சு பேரும் சிவப்புக் கம்பளத்துல நடந்து வர்ற போட்டோ. ஒபாமா முன்னாடி, முபாரக் பின்னாடி. 1875ல ஆரம்பிச்ச அல் அஹ்ராம் பேப்பர்ல அது அச்சாகி வந்தப்ப முபாரக் நடுவுல முன்னாடி வர்றாரு, ஒபாமா அவருக்குப் பின்னாடி. கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டி இருக்காங்க. ஒரிஜினல் போட்டோ இன்டர்நெட்ல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மக்கள் பகிர்ந்துட்டாங்க. மாட்டினதுக்கு அப்புறமும் எடிட்டர் மன்னிப்பு கேக்கல, சமாதானப் பேச்சுல முபாரக்கோட முக்கிய பங்க வெளிப்படுத்துற படம்னு விளக்கம் கொடுத்தாரு. அடுத்த அஞ்சு மாசத்துல ஆட்சியே போச்சு.

மூணாவது 2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. முந்தின ராத்திரியே நாடு பூரா இன்டர்நெட்ட அணைச்சிட்டாங்க, செல்போனும் கட். லட்சக்கணக்கான பேரு ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல்ல இருந்தே ஊர்வலமா கிளம்புறாங்க. அரசு டிவியப் போட்டா நைல் நதி அமைதியா ஓடுது, பாலத்துல வண்டி போகுது. கத்தாரோட அல் ஜஸீரா சேனலப் போட்டா அதே ஊர்ல கண்ணீர்ப்புகை. நாங்க ரூம்ல ரிமோட்ட மாத்தி மாத்தி பாத்தோம், ரெண்டும் ஒரே நேரம், ஒரே நகரம். ரெண்டு நாள் கழிச்சு அல் ஜஸீராவோட கெய்ரோ ஆபீஸ பூட்டி லைசென்ஸ புடுங்கினாங்க. அரசாங்கத்தோட நைல் டிவில வேலை பாத்த ஷஹீரா அமீன் மனசு பொறுக்காம பிப்ரவரி 3ஆம் தேதி வேலைய விட்டு வெளிய வந்தாங்க.

அந்த நேரத்துல மதத் தலைவருங்க யார் பக்கம்?

தலைமைல இருந்தவங்க பெரும்பாலும் "அமைதியா இருங்க, வீட்டுக்குப் போங்க"தான். நாட்டோட முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு கொடுக்கிறவரு) அலி கோமா, காப்டிக் கிறிஸ்தவங்களோட போப் மூன்றாம் ஷெனூடா, எல்லாரும் முபாரக்க விட்டுக்கொடுக்காமதான் பேசினாங்க. ஆனா கீழ இருந்தவங்க கேக்கல. அஸ்ஹரோட செய்தித் தொடர்பாளர் முகமது ரிஃபாஆ அல் தஹ்தாவி வேலைய ராஜினாமா பண்ணிட்டு போராட்டம் நடந்த கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்துக்கே போயிட்டாரு. சிவப்புத் தொப்பி மேல வெள்ளைத் துணி சுத்தின அஸ்ஹரி மௌலவிங்க கூட்டத்துல நின்னாங்க. முஸ்லிம்கள் தொழும்போது கிறிஸ்தவ இளைஞர்கள் கை கோத்து சுத்தி நின்ன போட்டோவ நீங்களும் பாத்திருப்பீங்க.

எமாத் இஃப்பத்துன்னு ஒரு ஷேக். எகிப்தோட பத்வா அமைப்பான தாருல் இஃப்தால பொறுப்புல இருந்தவரு, அரசாங்க வேலைதான். பகல்ல ஆபீஸ், மத்த நேரம் தஹ்ரீர். 2011 டிசம்பர் 16ஆம் தேதி மந்திரிசபை கட்டடத்துக்குப் பக்கத்துல நடந்த கலவரத்துல குண்டு பட்டு இறந்துட்டாரு. அதிகாரத்துல இருந்தவங்க பேர எல்லாம் மறந்தாலும் இவரு பேர மறக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

முபாரக் போன அன்னைக்கு, பிப்ரவரி 11, அதுவும் வெள்ளிக்கிழமைதான். தோஹால ராத்திரி ஏழு மணி வாக்குல துணை ஜனாதிபதி உமர் சுலைமான் திரைல வந்தாரு, பின்னாடி ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு, மொத்தம் அரை நிமிஷப் பேச்சு, அவ்ளோதான், 30 வருஷ ஆட்சி முடிஞ்சுச்சு. மன்சூராக்காரர் தரைல உக்காந்து அழுதுட்டாரு. அப்புறம் அம்மாவுக்கு போன் போட்டாரு, லைன் கிடைக்கவே இல்ல, நாடே போன் பேசிக்கிட்டு இருந்துச்சு.

அல் ஜஸீரா அப்போ நல்ல சேனலா? கத்தார் காசுதானே?

காசு கத்தார் காசுதான், அத யாரும் மறைக்கல. 1996 நவம்பர் 1ஆம் தேதி ஆரம்பிச்சாங்க, அமீர் ஹமத் பின் கலீஃபா 50 கோடி ரியால் கொடுத்தாரு. அதே வருஷம் ஏப்ரல்ல சவூதி கம்பெனி ஒண்ணோட சேந்து பிபிசி நடத்தின அரபு டிவி, சவூதி பத்தின நிகழ்ச்சியால தகராறு வந்து மூடியாச்சு, அங்க ட்ரெயினிங் எடுத்த ஆளுங்க நெறைய பேரு நேரா தோஹா வந்துட்டாங்க. அரபு டிவில அதுக்கு முன்னாடி நியூஸ்னா மன்னர் யாரப் பாத்தாரு, யாருக்கு கை கொடுத்தாருங்கிறதுதான். இங்க ஃபைசல் அல் காசிம் நிகழ்ச்சில ரெண்டு எதிரிங்கள உக்கார வச்சு லைவ்ல சண்டை, வீட்ல இருந்து போன் போட்டு அமைச்சர திட்டுறாங்க. இஸ்ரேல் ஆளுங்கள பேச வச்ச முதல் அரபு சேனலும் இதுதான். அந்த மாற்றம் எவ்ளோ பெருசுன்னு அத அனுபவிச்சவங்ககிட்ட கேக்கணும்.

மதத் தலைமைக்கும் டிவிக்கும் முடிச்சு போட்டதும் இந்த சேனல்தான். யூசுஃப் அல் கர்ளாவி, அஸ்ஹர்ல படிச்ச எகிப்துக்காரர், கத்தார்ல குடியேறினவரு, "ஷரீஅத்தும் வாழ்க்கையும்"னு வாராவாரம் நிகழ்ச்சி பண்ணி உலகம் பூரா தெரிஞ்ச ஷேக் ஆயிட்டாரு. முன்னாடி ஷேக்க பெரியாளாக்குறது பள்ளிவாசல், இப்ப சேட்டிலைட். 2011 பிப்ரவரி 18ஆம் தேதி தஹ்ரீர்ல அவருதான் ஜும்ஆ நடத்தினாரு.

ஆனா குறையும் சொல்லணும். அதே மாசம் பஹ்ரைன்ல மக்கள் எழுந்தாங்க, சவூதி தலைமைல வளைகுடாப் படை மார்ச் 14ல உள்ள போச்சு, அப்ப அரபு அல் ஜஸீராவுக்கு எகிப்துல இருந்த வேகம் இல்ல. கர்ளாவியும் அது மக்கள் புரட்சி இல்ல, மதப்பிரிவுச் சண்டைன்னு சொல்லிட்டாரு. கத்தார் கவிஞர் முகமது அல் அஜமி ஒரு கவிதைக்காக 2012ல ஆயுள் தண்டனை வாங்கினாரு, அப்புறம் 15 வருஷமா குறைச்சு, 2016ல மன்னிப்பு கொடுத்து விட்டாங்க. நான் அந்த ஊர்லயே இருந்தேன், அந்த சேனல்லதான் தினம் நியூஸ் பாத்தேன், அந்தக் கவிஞர் கதைய நான் வெளிநாட்டு வெப்சைட்லதான் படிச்சேன். அடுத்த வீட்டு அழுக்க நல்லா காட்டுவாங்க, வீட்டுக்காரன் அழுக்க காட்ட மாட்டாங்க. சவூதி பணத்துல 2003ல ஆரம்பிச்ச அல் அரேபியாவுக்கும் இதே கதைதான்.

முர்சி தேர்தல்ல ஜெயிச்சு வந்தவருதானே, அவர ஏன் கவுத்தாங்க?

2012 ஜூன்ல எகிப்து ஜனாதிபதி தேர்தல்ல 51.7 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு, முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு, அதாவது 1928ல ஹசன் அல் பன்னா ஆரம்பிச்ச இக்வான், அதோட ஆளு. அவருக்கு ஓட்டுப் போட்ட பாதிப் பேரு இக்வானுக்காக போடல, எதிர்ல நின்ன அஹ்மத் ஷஃபீக் முபாரக்கோட பழைய பிரதமர், அவரு வரக்கூடாதுன்னு போட்டாங்க. இத இக்வான் புரிஞ்சுக்கல. நவம்பர் 22ஆம் தேதி என் உத்தரவ எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்க முடியாதுன்னு அறிவிச்சாரு. மத்த கட்சிக்காரங்களும் கிறிஸ்தவங்களும் வெளிநடப்பு பண்ணின சபைல அரசியல் சட்டத்த அவசரமா முடிச்சாங்க. டிவில அவர கிண்டல் பண்ணின பாசிம் யூசுஃப், இதய டாக்டரா இருந்து நிகழ்ச்சி நடத்த வந்தவரு, அவருக்கு 2013 மார்ச்ல வாரன்ட் வந்துச்சு.

தப்பு தப்புதான். அதுக்கு மருந்து அடுத்த தேர்தல், டாங்கி இல்ல. இதுல என் கருத்து மாறவே மாறாது. ஜூலை 3ஆம் தேதி ராத்திரி பட்டாளத் தலைவர் ஜெனரல் சிசி டிவில வந்து முர்சிய நீக்கியாச்சுன்னு வாசிச்சப்ப அந்த மேடைய கவனிச்சீங்களா, ஒரு பக்கம் அஸ்ஹர் ஷேக் தய்யிப், காப்டிக் போப் தவத்ரோஸ், கூடவே எதிர்க்கட்சித் தலைவர் அல் பராதேய், சலஃபி கட்சிக்காரர் ஒருத்தர். ரெண்டு மதத் தலைமையும் பட்டாளத்துக்கு சாட்சிக் கையெழுத்து போட்ட மாதிரி இருந்துச்சு. எங்க ரூம்ல அன்னைக்கு சண்டை, ஒரு வாரம் ரெண்டு பேரு பேசிக்கவே இல்ல. அதே ராத்திரி இக்வான் சேனல்கள் எல்லாம் இருட்டாச்சு.

ஆகஸ்ட் 14ஆம் தேதி கெய்ரோ ரபாஆ சதுக்கத்துல உக்காந்திருந்த முர்சி ஆதரவாளருங்கள சுட்டுக் கலைச்சாங்க. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குப்படி குறைஞ்சது 817 பேரு. தய்யிப் அன்னைக்கு டிவில பேசும்போது கலைக்கப் போறது எனக்கு மீடியா மூலமாத்தான் தெரியும்னு சொல்லி ஒதுங்கினாரு. மேடைல உக்காந்தவரு இப்படி சொன்னது போதுமான்னு கேட்டா, போதாது.

பாசிம் யூசுஃப் என்ன ஆனாருன்னு கேப்பீங்க. முர்சி காலத்துல வாரன்ட் வந்தாலும் நிகழ்ச்சி ஓடுச்சு. சிசி ஜனாதிபதி ஆகுற நேரத்துல, 2014 ஜூன்ல, நிகழ்ச்சியே நின்னுபோச்சு, அவரு நாட்ட விட்டே போயிட்டாரு.

சிசிக்கும் அஸ்ஹர் ஷேக்குக்கும் சண்டைன்னு சொல்றாங்களே?

அது உண்மை, அது கொஞ்சம் சிக்கலான விஷயம். 2015 ஜனவரில அஸ்ஹர் உலமாக்கள் முன்னாடியே சிசி நமக்கு ஒரு மதப் புரட்சி வேணும்னு பேசினாரு. 2017 ஜனவரில, வாயால சொல்ற தலாக் செல்லாது, பதிவு பண்ணாத்தான் செல்லும்னு சட்டம் கொண்டு வரணும்னாரு. கூட்டத்துல உக்காந்திருந்த தய்யிபப் பாத்து "என்னைய களைப்பாக்கிட்டீங்க இமாமே"ங்கிற மாதிரி சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. பத்து பன்னெண்டு நாள்ல, பிப்ரவரி 5ஆம் தேதி, மூத்த உலமா சபை கூடி வாயால சொன்னாலும் தலாக் தலாக்தான், பதிவு பண்ணாதவங்களுக்கு தண்டனை வேணா கொடுங்கன்னு ஏகமனதா சொல்லிட்டாங்க.

இதுல யார் பக்கம் நிக்கிறது? பொண்ணுங்க நிலைமைய நினைச்சா சிசி கேட்டதுல நியாயம் இருக்கு, புருஷன் வாயால சொல்லிட்டுப் போயிட்டான், பேப்பர் இல்ல, ஜீவனாம்சம் கேக்கவும் முடியல, மறு கல்யாணம் பண்ணவும் முடியலன்னு எத்தனை பேரு. ஆனா நாட்டுல ஜனாதிபதிக்கு "முடியாது"ன்னு வாயத் தொறந்து சொல்ல மிச்சமிருந்த ஒரே எடம் அந்த சபைதான். பாராளுமன்றம் சொல்லாது, டிவி சொல்லாது. 2019ல அரசியல் சட்டத்த திருத்தி ஜனாதிபதி பதவிக்காலத்த ஆறு வருஷமாக்கி, சிசி 2030 வரைக்கும் இருக்கலாம்னு ஆக்கினாங்க, அப்பவும் ஷேக்க பாதுகாக்கிற 7ஆவது பிரிவுல கை வைக்கல. சுதந்திரமான ஒரு மதத் தலைமை நமக்குப் பிடிச்சதத்தான் சொல்லணும்னு இல்ல. எனக்கு அவங்க தலாக் முடிவு பிடிக்கல, ஆனா அத சொல்ல அவங்களுக்கு இருந்த தைரியம் டிவிக்காரங்களுக்கும் இருந்திருக்கணும்னு ஆசைப்படுறேன்.

அரசாங்க சம்பளமே வாங்காத மதத் தலைவர் யாராச்சும் இருக்காங்களா?

இருக்காரு, ஈராக்ல ஆயத்துல்லா அலி சிஸ்தானி. ஷியா உலமாக்களுக்கு வருமானம் குமுஸ்னு மக்கள் நேரா கொடுக்கிற காசு, அமைச்சகம் கிடையாது. நஜஃப்ல ஒரு சந்துக்குள்ள வாடகை வீடு, மேடைப் பேச்சு இல்ல, டிவி பேட்டி இல்ல. 2003 ஜூன்ல அமெரிக்காக்காரங்க தாங்களே ஆளுங்கள நியமிச்சு ஈராக்குக்கு அரசியல் சட்டம் எழுத நினைச்சப்ப, மக்கள் தேர்ந்தெடுத்தவங்கதான் எழுதணும்னு ஒரு பத்வா கொடுத்தாரு. 2004 ஜனவரில பாக்தாத்லயும் பஸ்ராலயும் பெரிய பெரிய ஊர்வலம். கடைசில 2005 ஜனவரி 30ல தேர்தல் நடந்துச்சு.

2019ல இளைஞர்கள் ஊழலுக்கும் வேலையில்லாததுக்கும் எதிரா தெருவுக்கு வந்து நூத்துக்கணக்கான பேரு செத்தாங்க. நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, கர்பலால அவரோட பிரதிநிதி குத்பால அவர் செய்திய வாசிச்சாரு, இந்த அரசாங்கத்த கொண்டு வந்த பாராளுமன்றம் தன் முடிவ மறுபரிசீலனை பண்ணணும்னு. அன்னைக்கே பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி ராஜினாமா பண்றதா அறிவிச்சாரு. அமைச்சகம் எழுதிக் கொடுத்த குத்பாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் பாருங்க.

இதுலயும் எல்லாம் சரின்னு சொல்ல வரல. 2014ல ஐஎஸ்ஸுக்கு எதிரா ஆயுதம் எடுங்கன்னு அவர் சொன்னது தேவையான நேரத்துல வந்த பேச்சு, ஆனா அந்தப் பேரச் சொல்லி வளந்த ஆயுதக் குழுக்கள் பின்னாடி அவரு பேச்சயே கேக்கல. வயசான ஒரு தனி மனுஷர் மேல ஒரு நாட்டோட நம்பிக்கை முழுசும் தொங்குறதும் ஆபத்துதான்.

சவூதி இப்ப நல்லா மாறிடுச்சே, சினிமா தியேட்டர், பொண்ணுங்க கார் ஓட்டுறாங்க?

மாறியிருக்கு, நிஜமாவே. 2016 ஏப்ரல்ல மதப் போலீஸ்கிட்ட இருந்து கைது பண்ற அதிகாரத்த எடுத்தாங்க, 2018 ஜூன் 24ல இருந்து பொண்ணுங்க கார் ஓட்டலாம். ஆனா அதுக்காக வருஷக்கணக்கா போராடின லுஜைன் அல் ஹத்லூல அந்தத் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி, மே மாசம் கைது பண்ணாங்க, 2021 பிப்ரவரிலதான் வெளிய விட்டாங்க. கொடுக்கிறது நாங்க, நீங்க கேக்கக் கூடாது, இதுதான் கணக்கு.

மதத் தலைமைக்கும் அதேதான். சவூதி மார்க்க அறிஞர் சல்மான் அல் அவ்தா, 1990கள்ல சீர்திருத்தம் கேட்டு 5 வருஷம் ஜெயில்ல இருந்தவரு. 2017 செப்டம்பர்ல சவூதியும் கத்தாரும் சமாதானமாகப் போறாங்கன்னு ஒரு செய்தி வந்தப்ப, மக்களுக்கு நல்லது நடக்க அவங்க உள்ளங்கள அல்லாஹ் ஒண்ணு சேக்கட்டும்னு துஆ மாதிரி ஒரு ட்வீட் போட்டாரு, சில மணி நேரத்துல கைது. அதுக்கு அடுத்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்ல சவூதி துணைத் தூதரகத்துக்குள்ள போனவரு வெளிய வரல. ஒருத்தர் ஆலிம், ஒருத்தர் எடிட்டர், ரெண்டு பேரும் சீர்திருத்தம் வேணும்னு சொன்னவங்கதான்.

துனிசியா ஒண்ணாவது தப்பிச்சுதுன்னு நினைச்சோமே?

நானும் நினைச்சேன். 2010 டிசம்பர் 17ல சிதி பூசித்ல பழவண்டிக்காரர் முகமது பூஅஜீஸி தீக்குளிச்சதுல ஆரம்பிச்சு, 2014ல நல்ல அரசியல் சட்டம் வந்து, 2016ல அந்நஹ்தா கட்சி மார்க்கப் பிரச்சாரம் வேற, அரசியல் வேறன்னு தானே பிரிச்சுக்கிட்டது வரைக்கும் பாத்து சந்தோஷப்பட்டேன். 2021 ஜூலை 25ல ஜனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்த முடக்கினாரு, மறுநாளே அல் ஜஸீரா ஆபீஸ மூடினாங்க. 2022ல பொய்ச் செய்திக்கு எதிரான ஆணை 54னு ஒண்ணு வந்து அதுல பத்திரிகையாளருங்க மேல கேஸ். 2023 ஏப்ரல்ல அந்நஹ்தா தலைவர் கன்னூஷியும் ஜெயிலுக்குப் போனாரு. இதுக்கு மேல எழுத மனசு வரல.

இந்த சீர்திருத்தப் பேச்சு எல்லாம் 2011ல வந்ததா?

இல்லவே இல்ல. 1881ல எகிப்து கர்னல் அஹ்மத் உராபி அப்தீன் அரண்மனை முன்னாடி படையோட நின்னு பாராளுமன்றம் வேணும்னு கேட்டாரு. அஸ்ஹர்ல படிச்ச முஹம்மத் அப்துஹு அப்ப அரசாங்க கெஸட்டோட எடிட்டர், சீர்திருத்தத்த அதுலயே எழுதினாரு. அதாவது ஆலிமும் எடிட்டரும் அரசியல் சீர்திருத்தக்காரரும் ஒரே ஆளு. 1882ல பிரிட்டிஷ் படை வந்து எல்லாம் முடிஞ்சதும் அப்துஹுவ நாடு கடத்தினாங்க, 1884ல பாரிஸ்ல ஜமாலுத்தீன் அல் ஆப்கானியோட சேந்து பத்திரிகை நடத்தினாரு, 18 இதழ்தான் வந்துச்சு. ஆனா 1899ல அதே அப்துஹு எகிப்து முஃப்தி ஆனாரு.

உராபிய எங்க அனுப்பினாங்க தெரியுமா? இலங்கைக்கு. 1883ல கொழும்புல வந்து இறங்கினாரு, கண்டில இருந்தாரு, 1901லதான் திரும்பிப் போனாரு. அங்க தமிழ்ல "முஸ்லிம் நேசன்" பத்திரிகை நடத்தின சித்தி லெப்பையோட பழகி, 1892ல மருதானைல ஆரம்பிச்ச மதரஸாவுக்கு, இன்னைக்கு ஸாஹிரா கல்லூரி, துணையா நின்னாரு. கெய்ரோல தோத்த ஒரு மனுஷர் கொழும்புல தமிழ் பேசுற பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் வரக் காரணமா இருந்திருக்காரு. இந்தக் கதைய மன்சூராக்காரர்கிட்ட சொன்னப்ப அவருக்கு நம்பவே முடியல, உராபி பேர்ல அவங்க ஊர்ல ரோடு இருக்காம், ஆனா இலங்கைல என்ன பண்ணாருன்னு ஸ்கூல்ல சொல்லித் தரலன்னாரு.

சரி, இப்ப எகிப்து நியூஸ் உண்மையா தெரியணும்னா எத படிக்கிறது?

எந்த சேனலையும் ஒத்தையா நம்பாதீங்க. எகிப்து பத்தி அல் ஜஸீரா பாருங்க, கத்தார் பத்தி வேற எதாவது பாருங்க. கத்தார் பத்தி அல் அரேபியா சொல்றதயும் அப்படியே எடுக்காதீங்க, 2017 ஜூன்ல சவூதி உள்பட நாலு நாடு சேந்து கத்தார முற்றுகை போட்டப்ப வச்ச 13 கோரிக்கைல அல் ஜஸீராவ மூடணுங்கிறதும் ஒண்ணு, நான் அப்ப தோஹாலதான் இருந்தேன், ஒரே சம்பவத்துக்கு ரெண்டு சேனல்லயும் ரெண்டு கதை ஓடுச்சு.

எகிப்துக்குள்ளயே இருந்து எழுதுறதுல மாதா மஸ்ர்னு ஒரு வெப்சைட் இருக்கு, அரபிலயும் இங்கிலீஷ்லயும் வருது. 2013ல லினா அத்தாலாவும் அவங்க கூட இருந்தவங்களும் ஆரம்பிச்சது. 2017 மே மாசத்துல இருந்து எகிப்துல அத பிளாக் பண்ணி வச்சிருக்காங்க, 2019 நவம்பர்ல ஆபீஸுக்குள்ள போலீஸ் புகுந்து சோதனை போட்டு ஆளுங்கள கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் விட்டாங்க, மறுபடி எழுதுறாங்க. 2018ல வந்த சட்டப்படி அங்க 5,000 பேருக்கு மேல ஃபாலோ பண்ற சாதாரண ஃபேஸ்புக் கணக்கும் மீடியா கணக்குல வந்துரும், அதையும் தடை பண்ணலாம்.

மன்சூராக்காரர் இப்ப ஊர்லதான் இருக்காரு, ரெண்டு பேரப்பிள்ளைங்க. மாசத்துக்கு ஒருக்கா மாதா மஸ்ர் கட்டுரை எதாவது அனுப்புவாரு. லிங்க்கா அனுப்ப மாட்டாரு, விபிஎன் போட்டுப் படிச்சு எழுத்த மட்டும் காப்பி பண்ணி அனுப்புவாரு. கடைசில எப்பவும் ஒரு வரி இருக்கும், படிச்சதும் அழிச்சிரு தம்பின்னு.